அக்ரக்ஸ் என்ற இரட்டை விண்மீன் இரண்டாகப் பிரியவில்லை, உதவுங்கள்

வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் மொட்டை மாடியிலிருந்து 70 மி.மீ. லென்ஸ் உள்ள தொலைநோக்கியில் இரட்டை விண்மீன்களை (வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, பெரிதாக்கினால் இரண்டாகப் பிரிபவை) பார்த்து வருகிறேன். கல்யாணத்தில் அருந்ததி காட்டுவார்களே, அதை ஒட்டி நிற்கும் வசிஷ்டர் 70 மடங்கு பெரிதாக்கியதிலேயே அழகாக இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடைவெளி 14 விகலை (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு விகலை). அன்று சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை!

ஆனால் தென்சிலுவை விண்மீன் கூட்டத்தின் அடியில் இருக்கும் அக்ரக்ஸ், 4 விகலைதான், 140 மடங்கிலும் பொங்குகிற பால் மாதிரி தளும்புகிறது. என் லென்ஸ் அளவுக்கு 2 விகலை வரை பிரிய வேண்டும். நம் ஊரில் அது உச்சத்துக்கு வந்தாலே 17 டிகிரி உயரம்தான். அந்தத் தாழ்வான காற்றா காரணம், அல்லது பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தளமா? கீழே மண் தரையில் வைத்தால் மாறுமா? லென்ஸைக் கழற்றிச் சரிசெய்யப் பயமாக இருக்கிறது. மதுரைப் பக்கம் பிரித்துப் பார்த்தவர்கள் எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்களேன்.