முதியோருக்கான தொழிற்சிகிச்சை: "புழங்குதிறன் சிகிச்சை" என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நோயாலோ முதுமையாலோ தளர்ந்தவர் தம் அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ள வழிசெய்யும் "ஆக்குபேஷனல் தெரபி" என்பதற்குத் "தொழிற்சிகிச்சை" என்ற வழக்கே போதும், நான் சொன்ன "புழங்குதிறன் சிகிச்சை" என்ற புதிய சொல் எதற்கு என்று திருவாரூர் ஐயா சென்ற மடலில் கேட்டிருந்தார்கள். தொழிற்பெயர் என்னும்போது தொழில் என்பது செயலையே குறிக்கிறது, தில்லைக் கூத்தனின் ஐந்தொழிலிலும் அதே பொருள்தான், ஆகவே பொருட்பிழை ஏதுமில்லை என்பது அவர்கள் வாதம். இலக்கண அளவில் அதை மறுக்க என்னால் இயலாது. ஆனால் இந்தச் சொல்லைக் காதில் வாங்கப் போகிறவர்கள் எழுபத்தெட்டு வயதுப் பெரியவரும் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்த மகளும் ஆவர். அவர்களுக்குத் தொழில் என்றால் பிழைப்பு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தகப்பனார் திருவையாற்றுப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் கொடுத்த சீட்டில் "ஓ.டி." என்று இரண்டெழுத்து மட்டும் எழுதியிருந்தது. அறுவை அரங்கையும் அதே இரண்டெழுத்தால்தான் குறிப்பார்கள் என்பதால், மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்று எண்ணி அம்மா அன்றிரவெல்லாம் அழுதார். மறுநாள் விசாரித்தபோது, "அது தொழில் சிகிச்சைம்மா" என்று விளக்கம் வந்தது. "நெலத்தையே குத்தகைக்கு விட்டாச்சு, இந்த வயசுல அவருக்கு என்ன தொழில் கத்துக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா திரும்பிவிட்டார். இரண்டு மாதம் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கவாதத்திற்குப் பிந்திய முதல் சில மாதங்களில்தான் கைகால் மீளும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பிறகு அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் தீரவில்லை. சொல் சரியாக இருந்திருந்தால் அந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது என்றே நம்புகிறேன்.

பின்னர் வேறோரிடத்தில் ஒரு சிகிச்சையாளர் கிடைத்தார். பலகைத் துளைகளில் முளைகளைச் செருகும் பயிற்சியை அப்பா இரண்டே நாளில் விட்டுவிட்டார். அதைக் கண்ட அந்தப் பெண், ஒரு கவுளி வெற்றிலையை வாங்கிவரச் செய்து, கலைத்துத் தாம்பாளத்தில் பரப்பி, "ஐயா, இதை அடுக்கித் தாங்க" என்றார். ஈர வெற்றிலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தால்தான் ஒன்றைப் பிரித்தெடுக்க முடியும், காம்பை ஒரே பக்கம் திருப்பி வைக்க மணிக்கட்டு சுழல வேண்டும். நூறு வெற்றிலையும் அடுக்கும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. சட்டையில் முடங்கிய கையை முதலில் நுழைத்துக் கடைசியில் கழற்றவும், ஒட்டும் பட்டை தைத்த வேட்டியை ஒரு கையாலேயே கட்டவும் அந்தச் சிகிச்சையாளரே கற்றுக்கொடுத்தார். சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டார் நலம் விசாரித்தபோது அம்மா சொன்ன பதில் இது: "இப்பல்லாம் வீட்டுக்குள்ள அவரே புழங்கிக்கிறார்."

நாம் தேடுகிற சொல் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே "புழங்குதிறன் சிகிச்சை" என்பதை முன்மொழிகிறேன். புழங்குதல் என்னும்போது ஆள், பொருள், இடம் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்துவிடுகின்றன. புழங்குகிற தண்ணீர், புழங்குகிற பாத்திரம், புழங்குகிற அறை என்றுதான் நம் வீடுகளில் பேசுகிறோம். உடம்பின் அசைவை மீட்பது இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) என்றால், மீண்ட அசைவும் மீளாத அசைவும் கொண்ட ஒருவர் தம் வீட்டில், தம் பொருள்களோடு, தம் நாளை நடத்திக்கொள்ள வழிசெய்வது இந்தச் சிகிச்சை. மூலச்சொல்லும் பிழைப்பை மட்டும் குறித்ததன்று. 1917-இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனச் சங்கம் அமைத்தவர்கள், மனிதர் தம் பொழுதை நிறைத்துக்கொள்ளும் செயல் யாவற்றையும் மனத்தில் வைத்தே அச்சொல்லை ஆண்டார்கள். 1950-இல் கமலா நிம்ப்கர் மும்பையில் இத்துறைக்குப் பள்ளி தொடங்கினார். 1952-இல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இத்தனை காலத்திற்குப் பிறகும் நம் ஊர்ப் பெரியவருக்குப் புரியும் பெயர் அமையாதது குறையே.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. "வினைவழி மருத்துவம்" அழகான ஆக்கம்தான், ஆனால் நோய் தீர வைத்தீசுவரன்கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் மக்களிடையே வினை என்றதும் முன்வினைப் பயனே நினைவுக்கு வரும். "செயல்திறன்" என்பது அலுவலகத்து மதிப்பீட்டுச் சொல்லாகிவிட்டது. "மறுவாழ்வு" குடிநோயாளிகளுக்கும் அகதிகளுக்கும் உரியதாக நிலைத்துவிட்டது. "மருத்துவம்" என்று முடித்தால் மாத்திரையும் ஊசியும் எதிர்பார்ப்பார்கள் என்பதால் "சிகிச்சை" என்றே வைத்தேன். அது வடசொல் என்பதை அறிந்தேதான் வைத்திருக்கிறேன்.

முதியவர் இருக்கும் இடம் மாறினாலும் சொல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் புழக்கம் என்பது எழுந்து உட்கார்வது, நாற்காலிக்கு மாறுவது, கரண்டி பிடிப்பது. வீட்டுக்கு வந்தால் ரேழியின் உயர்ந்த நிலைப்படியும், கூடத்திலிருந்து கொல்லைக் கழிவறைக்குப் போகும் வழுக்குத் தரையும் முன்னால் நிற்கின்றன. படியின் உயரத்தைக் குறைப்பது, சுவரில் கைப்பிடி பதிப்பது, தரையில் பதித்த கழிவறைப் பீங்கானின் மேல் வைக்கத் துளையிட்ட நாற்காலி செய்வது ஆகியவற்றைப் "புழங்கிடச் சீரமைப்பு" என்று சொல்லலாம். முதியோர் இல்லத்தில் சிக்கல் வேறு விதமானது. அங்கே பணியாளர்களே ஊட்டி, உடுத்தி, குளிப்பாட்டிவிடுவதால் இருக்கிற திறனும் போய்விடுகிறது. பாக்கு வெட்டவோ பூத்தொடுக்கவோ ஒருவருக்கு இடம் கொடுப்பதே அங்கு சிகிச்சை. நோய் முற்றி, தணிப்புச் சிகிச்சையில் இருப்பவருக்குத் திறனை வளர்ப்பது நோக்கமன்று. மூச்சு வாங்காமல் உட்கார்ந்தபடியே குளிக்கவும், மிஞ்சிய வலுவைப் பேரனோடு பேசுவதற்குச் சேமிக்கவும் வழி காட்டுவதே நோக்கம். அங்கும் "புழங்கு" பொருந்துகிறது, "தொழில்" பொருந்தவே இல்லை.

நாகப்பட்டினத்து அம்மையார் எழுப்பிய மறுப்பு மிகவும் கனமானது. "எங்கள் பாட்டனாரைக் குளத்துப் படித்துறையில் புழங்கக் கூடாது என்று விரட்டிய சொல் அல்லவா இது" என்று கேட்டிருந்தார்கள். உண்மைதான். இந்தப் பகுதியின் குளக்கரைகளிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் அந்தச் சொல் செய்த கொடுமையை மறைத்துவிட்டு அகராதிப் பொருளை மட்டும் பேசுவது நேர்மையாகாது. பொதுக்கூடத்தில் எல்லாரும் புழங்க வேண்டும் என்று ஒரு சிகிச்சையாளர் எழுதிவைக்கும்போது அதே சொல் உரிமையைச் சொல்வதாகவும் மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதை முடிவு செய்ய வேண்டியவர் நானல்லர். அம்மையாருக்கு இச்சொல் ஏற்பில்லை என்றால் "அன்றாடச் செயல்வழிச் சிகிச்சை" என்ற நீண்ட வடிவத்தை ஏற்பேன்.

ஒன்று மட்டும் எனக்கு முடிச்சு அவிழவில்லை. உண்ணல், உடுத்தல், குளித்தல், படியேறல் முதலான பத்தைக் கணக்கிட்டு நூற்றுக்கு மதிப்பெண் இடும் 1965-ஆம் ஆண்டின் பார்தெல் அளவுகோலைப் "புழக்க அளவெண்" எனலாம். 1969-இல் லாட்டன் என்ற ஆய்வாளர் வகுத்த பட்டியலோ தொலைபேசி, கடைவீதி, சமையல், மருந்து, பணம் ஆகியவற்றைக் கையாள்வதைப் பற்றியது. இதற்கு என்ன பெயர் வைப்பது? "வெளிப்புழக்கம்" என்று எழுதிப் பார்த்தேன், சமையலும் மருந்தும் வெளியில் நிற்கின்றன. "குடும்பப் புழக்கம்" என்றால் தனித்து வாழும் மூதாட்டிக்குப் பொருந்தாது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து அன்பர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம், வரவு செலவு பார்த்து வீட்டை நடத்துவதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து