கோபம் முந்தி, செய்தி பிந்தி: அரசியல் பதிவுகளில் கண்ட உணர்ச்சித் தூண்டில்கள்

கூர்நோக்கு (இழையைத் தொடங்கியவர்)

அரசியல் பதிவுகளில் நீங்கள் எதிர்கொண்ட உணர்ச்சித் தூண்டில் எது, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எழுதுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம், உத்தி எல்லாருக்கும் பொது. கோபமாக எழுதியதெல்லாம் சூழ்ச்சி என்று கிளம்பிவிடவும் வேண்டாம். அநியாயம் நடந்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்துக்கு அடியில் சரிபார்க்கக்கூடிய செய்தி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

சொல்லுளி

அடிக்கடி வரும் வகை இது: "நெஞ்சு பதறுகிறது! ஈவிரக்கமற்ற கும்பல் ஏழைகள் வயிற்றில் அடித்துவிட்டது. இதைப் பார்த்தும் சும்மா இருந்தால் நீ மனிதனே இல்லை. எந்த ஊடகமும் காட்டாது, உடனே பகிர்!"

இதை நோட்ஸ் செயலியில் ஒட்டுங்கள். முதலில் ஆச்சரியக்குறிகளை நீக்குங்கள். அடுத்து அடைமொழிகள் (ஈவிரக்கமற்ற, வெட்கங்கெட்ட, துரோக). பிறகு உங்களை நோக்கிப் பேசும் வரிகள் (நீ மனிதனா, உடனே பகிர்). மிஞ்சுவது "கும்பல் வயிற்றில் அடித்தது". யார், எந்த உத்தரவு, எந்தத் தேதி, எத்தனை பேருக்குப் பாதிப்பு? ஒன்றுமே இல்லை. இதே கோபத்தோடு எழுதிய இன்னொரு பதிவில் அரசாணைத் தேதி, திட்டத்தின் பெயர், நிறுத்திய தொகை மூன்றும் இருக்கும். அடைமொழியை எல்லாம் உருவிய பிறகும் அது நிற்கும். அதைச் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது, போய்ச் சரிபார்க்க வேண்டும்.

இப்படி எழுதுவது வீண்வேலையும் இல்லை. ட்விட்டரில் 5,60,000-க்கு மேற்பட்ட பதிவுகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில், அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடியது. பரவியது பெரும்பாலும் தன் அணிக்குள்ளேயே. எதிரணியை மனம் மாற்ற இவை பயன்படுவதில்லை, சொந்த அணியைச் சூடாக வைத்திருக்கத்தான் பயன்படுகின்றன.

வெட்டு ஒட்டு

வீடியோ என்றால் முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிப் பதிவுகளில் குற்றம் சாட்டுவது பின்னணி இசைதான். ஸ்லோ மோஷனையும் கவனியுங்கள். சாதாரணமாகத் திரும்பிப் பார்த்ததை மெதுவாக ஓட்டினால் ஏளனப் பார்வையாகத் தெரியும்.

பேச்சுத் துண்டுகளில் நம் மொழியின் அமைப்பே வெட்டுபவருக்கு வசதி. மேற்கோள் முன்னால் வரும், "என்று அவர்கள் சொல்கிறார்கள், அது தவறு" என்பது கடைசியில் வரும். "என்று" என்பதற்கு ஒரு நொடி முன்னால் நறுக்கினால் போதும், எதிரியின் கருத்து பேசியவரின் கருத்தாகிவிடும். அதனால் துண்டு முடியும் இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடைசிச் சொல்லின் ஒலி இறங்காமல் அந்தரத்தில் நின்றால் அங்கே கத்தி விழுந்திருக்கலாம். முழுப் பேச்சைத் தேடி, அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடமாவது கேளுங்கள்.

படங்களுக்கு, அதே படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடித்தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye). படத்தின் மேல் எழுதிய வாசகத்தையும் லோகோவையும் கிராப் செய்துவிட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் அதே மீம்தான் திரும்பத் திரும்ப வரும். டின்ஐயில் மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் இடவலமாகத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை. அப்படியும் கிடைக்கவில்லை என்றால் படம் உண்மை என்று முடிவுகட்டாதீர்கள். செயற்கை நுண்ணறிவில் இன்று காலை செய்த படத்துக்கும் பழைய பிரதி இருக்காது.

கணக்குப்பிள்ளை

எண்ணில் ஒரே ஒரு கேள்வி: எதில் எத்தனை? "இருமடங்கு" என்றால் 2 நான்கானதா, 2,000 நாலாயிரமானதா? வரைபடம் என்றால் செங்குத்து அச்சு எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். 90-இல் தொடங்கினால் 92-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசம் மலையும் மடுவுமாகத் தெரியும்.

பின்வாசல்

பதிவை எழுதியவரை மட்டும் பார்த்தால் போதாது, தளம் எதற்குக் கூலி கொடுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று ஃபேஸ்புக் போடும் கணக்கில், 2017 முதல் கோபக் குறி உள்ளிட்ட எமோஜிகளுக்கு லைக்கைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு இருந்தது. கோபக் குறியின் மதிப்பைப் பின்னர் படிப்படியாகக் குறைத்து 2020-இல் பூஜ்யமாக்கினார்கள். கமெண்ட் இன்றும் கணக்கில் வரும். "இது பச்சைப் பொய்" என்று நீங்கள் எழுதும் கமெண்டும் அந்தப் பதிவை மேலே தள்ள உதவும். மறுக்க வேண்டுமானால் மூலப் பதிவைத் தொடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குறுக்கே "தவறு" என்று பெரிதாக எழுதித் தனியாகப் போடுங்கள். ஓரத்தில் சின்னதாக எழுதினால் அடுத்தவர் அதை வெட்டிவிட்டுப் பரப்புவார்.

இரண்டு பக்கக் கோபமும் ஒரே கையிலிருந்து வரலாம் என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2016 மே 21 அன்று நடந்த சம்பவம் போதும். ஓர் இஸ்லாமிய மையத்தின் முன் அதை எதிர்த்து ஒரு கூட்டத்தை ஒரு ஃபேஸ்புக் பக்கம் கூட்டியது. அதே இடத்தில் அதே நேரத்தில் ஆதரவுக் கூட்டத்தை இன்னொரு பக்கம் கூட்டியது. இரண்டையும் நடத்தியது ரஷ்யாவைச் சேர்ந்த ஒரே நிறுவனம். செலவு சுமார் 200 டாலர் என்று அடுத்த ஆண்டு அமெரிக்க செனட் விசாரணையில் சொல்லப்பட்டது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. "ஃபார்வர்ட் பண்ணாதீங்க, காப்பி பண்ணி ஒட்டுங்க" என்று கெஞ்சும் பதிவுகளை இதனாலேயே கூடுதலாகச் சந்தேகிக்கலாம். ஒட்டினால் அம்புக்குறி போய்விடும், நீங்களே எழுதியது போலத் தெரியும்.

மாற்றுக்கருத்து

எல்லாரும் கோபத்தையே பேசுகிறீர்கள். தலைவர் குழந்தைக்குச் சோறூட்டும் படம், மழையில் நனைந்தபடி பேசும் வீடியோ, "அந்தக் காலம் பொற்காலம்" என்ற கறுப்பு வெள்ளைப் படம்: இவையும் தூண்டில்தான். கண்ணீர் வருவதால் யாரும் சரிபார்ப்பதில்லை. படத்தை எடுத்தவர் எங்கே நின்றார், எத்தனை கேமரா இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தனிமையில் அழுபவரை மூன்று கோணத்தில் எடுத்திருந்தால் அது தனிமை இல்லை.

சொல்லுளி

ஒப்புக்கொள்கிறேன். இதற்குப் பெயர் மாற்றிப் பார்ப்பது உதவும். தலைவர் பெயருக்குப் பதில் நமக்குப் பிடிக்காதவர் பெயரைப் போட்டுப் படித்தால் உருக்கம் அப்படியே இருக்கிறதா?

மாற்றுக்கருத்து

அதற்கும் எல்லை உண்டு. ஒருவர் மேல் நிரூபணமான வழக்கு இருக்கிறது, மற்றவர் மேல் இல்லை என்றால், பெயரை மாற்றியதும் வேறு மாதிரி தோன்றுவதுதான் நியாயம். அங்கே போய் "இருவரும் ஒன்றுதான்" என்று சொன்னால் அது வேறொரு ஏமாற்று.

கூர்நோக்கு

குடும்பக் குழுவில் வந்தால் எல்லார் முன்னாலும் "பொய்" என்று அடிக்காதீர்கள். போட்டவர் தன் மானத்தைக் காக்கப் பொய்யையும் சேர்த்துக் காப்பார். தனியாக "பெரியப்பா, இது எந்தத் தேதிப் படம்னு தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி நேரம் அவரே நீக்கிவிடுவார். குழுவில் விளக்கியே ஆகவேண்டும் என்றால் உண்மையை முதலில் எழுதி, தவறை நடுவில் ஒரே ஒரு முறை குறிப்பிட்டு, மீண்டும் உண்மையில் முடியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை போலத் தோன்றும் என்பது 1977-லேயே சோதித்துக் காட்டப்பட்டது. மறுப்பதற்காகச் சொன்னாலும் அது இன்னொரு முறை கேட்டதாகத்தான் ஆகும்.

பகிர்ந்தாகிவிட்டது என்றால் "எல்லாருக்கும் நீக்கு" கொடுக்க வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் வேறு குழுவுக்குப் போன பிரதி போகாது. ஆகவே நீக்கிய கையோடு, குறுக்கே "தவறு" எழுதிய அதே படத்தைத் திருத்தத்தோடு அதே குழுவில் போடுங்கள். வாங்கி அனுப்பியவர்கள் அதையும் அனுப்ப வழி இருக்கும்.