துணியை எடுக்கும் முன் ஊதுங்கள்: லென்ஸ் துடைத்ததில் பட்ட அனுபவங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கல்யாண ஜோடிக்கு அவுட்டோர் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாலை ஐந்தரை மணி, நல்ல காற்று. 85 எம்எம் லென்ஸின் முன் கண்ணாடியில் மாவு தூவியதுபோல ஏதோ படிந்திருந்தது. வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் சட்டை நுனியை இழுத்து இரண்டு சுற்று துடைத்துவிட்டேன். துடைக்கும்போதே விரலுக்கடியில் நறநறவென்றது. அப்போதே வயிறு கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், வட்ட வட்டமாக நாலைந்து மயிரிழைக் கோடுகள்.

அந்தக் கரையின் மணல் மற்ற ஊர் மணலைப் போன்றதல்ல. இல்மனைட், கார்னெட், சிர்க்கான் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்தது. அவற்றைப் பிரித்தெடுக்கவே அங்கே ஆலை இருக்கிறது. கரையில் செந்நிறத் திட்டுகளாகத் தெரிவது கார்னெட். எண் கூடக் கூடக் கடினம் என்று காட்டும் மோஸ் அளவில் லென்ஸ் கண்ணாடி 5, 6 என்ற அளவில்தான் நிற்கும். கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, சிர்க்கான் 7.5. அவ்வளவு ஏன், ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸே 7. ஆகவே துணி எத்தனை மிருதுவாக இருந்தாலும் பயனில்லை. கண்ணாடிமேல் சும்மா உட்கார்ந்திருந்த மணலைத் துணிதான் அழுத்திப் பிடித்து இழுக்கிறது. நான் அன்றைக்கு உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மனசு ஆறாமல் மறுநாள் சோதித்துப் பார்த்தேன். லென்ஸின் ஒளித் துளையை முழுக்கத் திறந்து எடுத்த முகப் படத்தில் கீறல் தெரியவே இல்லை. விளக்கு எதிரே இருந்தபோது மட்டும் கறுப்பு வெளிறி, படம் முழுக்க ஒரு மங்கல் பரவியது. முன் கண்ணாடியில் ஏற்படும் மெல்லிய கீறல் பெரும்பாலும் இப்படித்தான். பின் கண்ணாடியில் விழுந்திருந்தால் கதையே வேறு, அது படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம். இதை எழுதுவதே, கீறல் பார்த்த அன்று நான் தூங்காமல் கிடந்த மாதிரி வேறு யாரும் கிடக்க வேண்டாம் என்பதற்காக.

*

மேலே மணவாளக்குறிச்சிக் கதையை எழுதியவரைப் போல நானும் ஒருவன். எனக்கு நேர்ந்தது மதுரையில். சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்கும் நாள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவே நின்றால்தான் முகங்கள் கிடைக்கும். அதனால் கேமராவுக்கு உறை போட்டுவிட்டு நின்றேன். லென்ஸ் முகப்பை மூட முடியாதே. துளிகள் விழுந்து, வெயிலில் அப்படியே காய்ந்துவிட்டன. சர்க்கரைச் செம்பும் சூடப் புகையும் விபூதியும் கலந்த கூட்டம் அது. துளியோடு சேர்ந்து எது எது ஒட்டியதோ.

மண்டபத்து நிழலில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கும் துணியால் உலர்வாகத் தேய்த்தேன். கறை அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். பக்கத்தில் இருந்த மூத்த போட்டோகிராபர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, காய்ஞ்ச கறைய ஊற வைக்கணும், சொரண்டக் கூடாது" என்றார்.

அவர் செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். முதலில் ப்ளோயரால், அதாவது கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பந்தால், ஊதினார். லென்ஸ் டிஷ்யூவை நாலாக மடித்து, டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கறைமேல் வெறுமனே வைத்தார். அரை நிமிடம் கழித்துத் தேய்க்காமல் எடுத்தார். புது டிஷ்யூவில் மறுபடியும். மூன்றாவது முறை கறை தானாகவே கிளம்பி வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் லென்ஸ் கிளீனர் ஒரு சொட்டு, அதுவும் டிஷ்யூவில். கண்ணாடிமேல் நேராக விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும் என்றார்.

என் நல்ல நேரம், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடி போட்டிருந்தேன். கீறல் அதில்தான். திருவிழா, கடற்கரை, மண் ரோடு என்றால் ஃபில்டர் இல்லாமல் போக மாட்டேன். ராத்திரியில் தெருவிளக்கை எதிர்த்து எடுக்கும்போது மட்டும் கழற்றிவிடுவேன். இல்லையென்றால் விளக்கின் பிம்பம் படத்தில் மிதக்கும்.

*

நான் மூன்றாவது ஆள். என் தவறு துணியில். லென்ஸ் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்து, வாசனை வரவும் மிருதுவாகவும் ஊற்றும் அந்தத் திரவத்தில் அலசிவிட்டேன். அதற்குப் பிறகு துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் ஏறியதே தவிர இறங்கவில்லை. படலம் போகவில்லையே என்று திரும்பத் திரும்பத் துடைத்ததில்தான் கோடு விழுந்தது. இப்போது சாதாரண சோப்பில் தனியாக அலசி, உலர்த்தி, ஜிப் கவரில் வைக்கிறேன். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் லென்ஸுக்குக் கொண்டுபோவதில்லை.

*

முதலில் மணவாளக்குறிச்சிக் கதையை எழுதியவன்தான் மறுபடியும். வாயால் ஊதினால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போதாது. எச்சில் தெறிக்கும், அது காய்ந்தால் இன்னொரு கறை. டப்பாவில் அடைத்து விற்கும் கேன் காற்றும் வேண்டாம். சாய்த்து அடித்தால் உள்ளே இருக்கும் திரவமே கண்ணாடியில் தெறிக்கும். ரப்பர் ப்ளோயர் போதும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். கிளம்பிய தூசி திரும்ப உட்காராமல் கீழே விழும். ஒட்டிக்கொண்டிருப்பதை மென்தூரிகையால் தட்டிவிட்டு, மறுபடியும் ஊதுங்கள். விரல் ரேகை, எண்ணெய் இருந்தால் மட்டுமே டிஷ்யூ. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி, கையின் கனம்கூட இறங்காமல். ஒரு மடிப்பு ஒரு தடவைக்குத்தான்.

லென்ஸ் பென், அதாவது முனையில் கரி பூசிய துடைப்பான் உள்ள பேனா, நல்ல பொருள், ரேகைக்கு. ஆனால் கடற்கரையில் அதன் கரித்தலையைத் திறக்காதீர்கள். ஒரு மணல் அதில் ஒட்டினால் அடுத்த லென்ஸையும் கீறும்.

ஒளி திரும்பியடிக்காமல் இருக்க லென்ஸ் கண்ணாடிமேல் பூசும் கோட்டிங் எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒற்றை அடுக்கு கோட்டிங் ஒளி அலைநீளத்தில் கால் பங்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் ஸ்மகூலா என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பியடித்துக்கொண்டிருந்தது. நாம் சட்டை நுனியால் தேய்ப்பது அந்தப் படலத்தைத்தான்.

போன மாதம் அதே கரைக்கு இன்னொரு ஜோடியோடு போனேன். இந்த முறை லென்ஸ் முகப்பைச் சுற்றி மறைக்கும் ஹூட் போட்டிருந்தேன். ஊதியும் மூன்று துகள் போகவில்லை. சட்டை நுனிவரை கை போனது. விட்டுவிட்டு எடுத்தேன். ராத்திரி கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு படமாகத் தேடினேன். மூன்றில் ஒன்றுகூட எங்கேயும் இல்லை.