ஜெர்மனில கல்யாணப் பதிவு, பேர் பிரச்சனையில நிக்குது, உதவி பண்ணுங்க

வணக்கம். நான் திருச்சிக்காரன், ஜெர்மனில பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல வேலை. கட்டிக்கப்போற பொண்ணு ஜெர்மன். மார்ச்ல இருந்து அலையுறோம். என் பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா இருக்கு, 1993 பர்த் சர்டிபிகேட்ல என் பேரு மட்டும்தான், இனிஷியல் கூட இல்ல. இங்க கல்யாணப் பதிவு ஆபீஸ்ல இருக்குற அம்மா ரெண்டையும் பக்கத்துல வச்சு, சர்நேம் மேல பென்சிலால வட்டம் போட்டு, ரெண்டும் ஒரே ஆளான்னு கேக்குறாங்க.

நோட்டரி அஃபிடவிட் குடுத்தேன், எடுக்கல. ஊர்ல அப்பா அலைஞ்சு திரிஞ்சு அப்போஸ்டில் (பேப்பர் வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசு குடுக்குற சான்று) வாங்கி அனுப்பினாரு, ஆனா இந்தியப் பேப்பருக்கு ஜெர்மனி அப்போஸ்டிலை ஏத்துக்காதாம், சென்னைல இருக்குற ஜெர்மன் துணைத் தூதரகம் வழியா சரிபார்க்கணுமாம், அதுக்கே மாசக்கணக்குல ஆகும்னாங்க. இ-சேவைல வாங்குன திருமணமாகாதவர் சான்றிதழ் 6 மாசத்துக்கு மேல பழசாகக் கூடாதுங்கறாங்க. அந்த 6 மாசம் முடியறதுக்குள்ள பேர் விஷயம் தீரணும், அப்புறம்தான் கல்யாணத் தகுதிச் சான்றுக்கு (கட்டிக்கத் தடை இல்லன்னு சொந்த நாடு குடுக்குற பேப்பர்) பதிலா மேல்கோர்ட்ல விலக்கு வாங்கவே ஃபைல் போகும். பேப்பர் கெடுபிடி கம்மியா இருக்குற டென்மார்க் போய் கல்யாணத்த முடிச்சுக்கோன்னு நண்பர்கள் சொல்றாங்க, ஆனா அவ பாட்டிக்கு 88 வயசு, அவங்களால அவ்ளோ தூரம் வர முடியாது, அவங்க இல்லாம பண்ண எங்களுக்கு மனசே இல்ல.

இதே மாதிரி இனிஷியல் சிக்கல்ல ஜெர்மனில கல்யாணம் பதிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பர்த் சர்டிபிகேட்டையே திருத்துனீங்களா, இல்ல வேற எந்தப் பேப்பரை ஏத்துக்கிட்டாங்க?