‘தளபதி’யின் சூர்யாவைக் கர்ணன் என்று சொல்வது தகுமா?

வினா: சுங்கை சிப்புட் வாசகி

வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலில் மகாபாரதச் சொற்பொழிவு நிறைவுற்ற மறுவாரம், இளையோர் சிலர் கூடி 1991-இல் வெளிவந்த ‘தளபதி’ படத்தைப் பார்த்தோம். ரஜினிகாந்தின் சூர்யா கர்ணன், மம்மூட்டியின் தேவராஜ் துரியோதனன், அரவிந்த்சாமி நடித்த ஆட்சியர் அருச்சுனன் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பாரதத்தில் கர்ணன் களத்தில் மாள்கிறான். படத்திலோ தேவராஜ் மாள, சூர்யா உயிரோடு இருக்கிறான். முடிவே மாறிவிட்ட பிறகு அவனைக் கர்ணன் என்று சொல்வது தகுமா? பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பால்மரத்துக்காரர்

தகும், மகளே. சிவாஜி கணேசன் நடித்து 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தை, எங்கள் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்புகளுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோது, கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தவன் நான். அன்று லயத்துச் சனம் அழுதது அவன் செத்ததற்காக மட்டுமன்று. தேரோட்டி மகன் என்று சபை இகழ்ந்தபோது அங்க நாட்டைத் தந்து அருகில் அமர்த்திக்கொண்டவனை, தான் குந்தியின் மகன் என்று அறிந்த பிறகும் அவன் கைவிடவில்லையே, அதற்காகத்தான் அழுதோம். செஞ்சோற்றுக்கடன் என்று நாம் சொல்வது அதைத்தான். சூர்யாவும் தன் பிறப்பைத் தாயின் கணவர் வாயால் அறிந்து, தாயிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தேவராஜின் பக்கமே நிற்கிறான். கண்ணனிடம் கர்ணனும் அப்படித்தானே, பாண்டவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்? அந்த இடத்திலேயே அவன் கர்ணனாகிவிட்டான். குந்தி குழந்தையை வைத்து ஆற்றில் விட்ட பேழை, படத்தில் தாய் குழந்தையை விட்டுச்சென்ற சரக்கு ரயிலாக மாறியதைப் போல, மற்றவை காலத்துக்கேற்ற மாற்றங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை

ஐயா சொன்ன செஞ்சோற்றுக்கடனை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் முடிவை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வில்லிபாரதத்தில் குந்தி போருக்கு முன் மகனைத் தேடி வருவது, அரவக்கணையை, அதாவது நாகாஸ்திரத்தை, ஒருமுறைக்கு மேல் தொடுக்காதே, அருச்சுனன் நீங்கலாக மற்ற நால்வரைக் கொல்லாதே என்று வரம் கேட்பதற்காக. ஊரறிய அவனை மகன் என்று சொல்லி அவள் மடியில் கிடத்திக்கொள்வதோ, அவன் உயிர் பிரியும் வேளையில். படத்தின் இறுதியில், இளைய மகன் மாற்றலாகி மனைவியோடு ஊரைவிட்டுப் போக, ஸ்ரீவித்யா நடித்த தாய் கல்யாணி மூத்தவன் சூர்யாவோடு தங்கிவிடுகிறாள். எனக்குத் தெரிந்தவரை இங்கே மாறியிருப்பது குந்திதான், கர்ணன் அல்லன். என்னைப் பெற்றவர் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட, பக்கத்து வீட்டு அத்தை கையால் சோறுண்டு வளர்ந்தவள் நான். அவள் தங்கிவிடும் அந்தக் காட்சியை இன்றும் கண் கலங்காமல் பார்க்க என்னால் முடிவதில்லை.

வினா கேட்டவர்

ஐயாவுக்கும் ஆசிரியைக்கும் நன்றி. குந்தியை நாங்கள் கவனிக்கவே இல்லை. வரும் சனிக்கிழமை ‘கர்ணன்’ படத்தைப் போட்டு, அவள் வரம் கேட்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பேச்சைத் தொடங்குகிறோம்.