உபுண்டுவில் ஓடும் செட் கட்டளை மேக்கில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

அடுக்கறை:
வணக்கம். பள்ளி நூலகப் பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியிட்டுப் பிரித்த உரைக்கோப்பு) இருக்கிறது. விண்டோஸ் கணினியில், எக்செலில் நிரப்பித் தருகிறார்கள். வரிக் கடைசியில் தொங்கும் காற்புள்ளியை, உரையைத் திருத்தும் செட் கட்டளையால் நீக்கி, வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப் கொண்டு பிரிவுவாரியாகப் பிரிக்க ஒரு சிறு ஷெல் நிரல் வைத்திருக்கிறேன். உபுண்டுவிலேயே தட்டச்சு செய்த பழைய பட்டியலில் அது ஒழுங்காக ஓடியது.

இப்போது மேக்கில் ஓட்டினால், 'அன்டிஃபைன்ட் லேபிள் ஊக்ஸ்.சிஎஸ்வி' என்கிறது. கோப்பின் பெயரோ 'புக்ஸ்.சிஎஸ்வி'. முதல் எழுத்தைத் தின்றது யார்? உபுண்டுவில் பிழைச் செய்தி இல்லை; காற்புள்ளியும் போகவில்லை. 'தொல்லியல்' என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் வரிகளில் பாதிதான் கிடைக்கின்றன.

குழாய்வழி:
தின்றது செட்தான். உபுண்டுவில் இருப்பது குனு செட். மேக்கில் இருப்பது பிஎஸ்டி வழி வந்தது. ஒரே கட்டளையின் இரு வேறு ஆக்கங்கள். கோப்பை அதே இடத்தில் திருத்த நீங்கள் போட்டிருக்கும் 'ஐ' தெரிவு, யூனிக்ஸ் வகை அமைப்புகளின் பொதுத் தரமான பாசிக்ஸில் கிடையாது. அவரவர் தம் போக்கில் சேர்த்துக்கொண்டது. குனுவில் அதற்குப் பின்னொட்டு (பழைய கோப்பின் நகலுக்குப் பெயரோடு சேரும் வால்) தராமலே விடலாம். பிஎஸ்டியில் தந்தே ஆகவேண்டும். நீங்கள் தராததால், உங்கள் திருத்தக் கட்டளையையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைக் கட்டளையாகப் படிக்கிறது. செட்டில் 'பி' என்றால் ஒரு லேபிளுக்குத் தாவு என்று பொருள். மீதியெல்லாம் லேபிளின் பெயர் ஆகிவிட்டது.

'ஐ'யை ஒட்டி, இடைவெளி விடாமல், '.பேக்' என்று எழுதுங்கள். இரண்டு இடத்திலும் ஓடும். பழைய கோப்பின் நகலும் மிஞ்சும்.

மலையோரம்:
காற்புள்ளி போகாததற்கு விண்டோஸ்தான் காரணம். கோப்பை 'ஹெக்ஸ்டம்ப்' கட்டளையில், பெரிய 'சி' தெரிவுடன் திறந்து பாருங்கள். வரி முடிவில் புதுவரிக் குறியான 0ஏ மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் 0டி 0ஏ என்று இரண்டு பைட்டுகள் இருக்கும். உங்கள் செட் கட்டளையில் உள்ள டாலர் குறி வரி முடிவைத்தான் பிடிக்கிறது. ஆனால் காற்புள்ளிக்கும் அதற்கும் நடுவே, 'வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு' என்னும் குறியான அந்த 0டி உட்கார்ந்திருக்கிறது. அத்தகைய வரியின் பின்னால் ஏதாவது சேர்த்து அச்சிட்டால், சேர்த்தது வரியின் தொடக்கத்தில் ஏறி, முதல் எழுத்துகளை மறைத்துவிடும். நிரல் கெட்டுவிட்டதென்றே தோன்றும்.

நீக்குவதற்குச் செட் வேண்டாம். 0டியைக் குறிக்கும் தலைகீழ்ச் சாய்கோடு 'ஆர்' என்பதைப் பழைய பிஎஸ்டி செட்கள் புரிந்துகொள்ளா. 'டிஆர்' கட்டளையின் 'டி' தெரிவு எங்கும் வேலை செய்யும்.

அடுக்கறை:
இரண்டும் சரியாயின, நன்றி ஐயா. 'தொல்லியல்' மட்டும் இன்னும் பாதிதான்.

குழாய்வழி:
அது நம் எழுத்துக்கே உரிய தலைவலி. யூனிகோடில் 'தொ' என்பதை, 'த'வும் ஒற்றைக் குறியாக ஒகரமும் கொண்டு எழுதலாம். 'த'வுக்குப் பின் எகரக் குறி, கால் என்று பிரித்தும் எழுதலாம். திரையில் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. யூடிஎஃப்-8இல் முதலாவது 6 பைட்டு, இரண்டாவது 9. கிரெப் பார்ப்பது பைட்டுகளை, வடிவத்தை அல்ல. பட்டியலை இரண்டு விசைப்பலகை மென்பொருள்களில் தட்டச்சு செய்திருப்பார்கள். பைத்தான் 3இல் 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' செயல்கூற்றை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவில் ஓட்டிவிட்டுத் தேடுங்கள். தேடும் சொல்லும் அதே வடிவில் இருக்கவேண்டும்.

மலையோரம்:
ஆனால் 'பௌத்தம்' பிரிவு இருந்தால் இதுவும் கைகொடுக்காது. ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் 'ள' எழுத்தும் போட்டுத் தட்டுபவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு அது உண்மையான ளகரம், என்எஃப்சி தொடாது. மொத்தமாக மாற்றவும் துணியாதீர்கள், 'வெள்ளி'யும் 'தெளிவு'ம் சிதைந்துபோகும். சொல்லுக்குச் சொல் மாற்றுவதே பாதுகாப்பு.

அடுக்கறை:
என்எஃப்சி ஓட்டியதும் 'தொல்லியல்' முழுமையாக வந்துவிட்டது. 'பௌத்தம்' பிரிவில் நீங்கள் சொன்னபடியே சில வரிகள் ளகரத்துடன் இருந்தன. அவற்றைத் தனியே மாற்றினேன்.

குழாய்வழி:
மேக்கில் 'ஐ'க்கு அடுத்து, இடைவெளி விட்டு 'இ' தெரிவு போடும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிழைச் செய்தி மறையும். ஆனால் '-இ' என்று வால் முளைத்த நகல் கோப்புகள் அடைவில் சேர்ந்துகொண்டே போகும்.