கைதட்டலோடு பாய்ந்த தங்கச்சி

கூட்டத்தின் சத்தம் வீரருக்கு உதவியா இடைஞ்சலா என்று கேட்டிருந்தீர்கள். அது எந்த நேரத்தில் எழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன். நான் திருகோணமலையில் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பாய்ச்சல் பழக்குகிறவன்.

மக்கெய்சர் மைதானத்தில் ஒரு போட்டி. எங்கள் தங்கச்சி ஒருத்தி முப்பாய்ச்சலுக்கு நின்றுகொண்டு, டிவியில் பார்த்த மாதிரி தலைக்கு மேல் கையைத் தட்டினாள். சனமும் சேர்ந்து தட்டியது. அவள் ஓடத் தொடங்கியதும் இவர்களுக்கு ஆர்வம் தாங்கவில்லை, தாளம் அவள் காலை முந்திக்கொண்டு போய்விட்டது, காலும் அந்த வேகத்துக்கே இழுபட்டு அடி குறுகி, கால் ஊன்றி எழும்ப வேண்டிய பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே மிதித்துப் பாய்ந்தாள். அடுத்த முறை கை தூக்கவே இல்லை, தன் எண்ணிக்கையிலேயே ஓடினாள், பலகையில் கால் சரியாக விழுந்தது.

இந்தப் பழக்கத்தைத் தொடக்கிவைத்தவர் அமெரிக்க முப்பாய்ச்சல் வீரர் வில்லி பேங்க்ஸ், 1981இல் ஸ்டொக்ஹோமில். நல்ல பழக்கம்தான், ஆனால் தாளம் பாய்கிறவரின் கையில் இருக்க வேண்டும். கைதட்டல் இல்லாமலும் முடியும்: 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்வையாளரே இல்லாத அரங்கில்தான் வெனிசுவேலாவின் யூலிமார் ரோஹாஸ் முப்பாய்ச்சலில் 15.67 மீற்றர் பாய்ந்து பெண்கள் உலக சாதனை வைத்தார்.

தொடக்கக் கோட்டில் மட்டும் தயவுசெய்து வாயை மூடுங்கள். பாடசாலை இல்லப் போட்டிகளில் பாண்ட் முழங்க முழங்கத் துவக்கை வெடிக்க வைக்கிறார்கள். 400 மீற்றரில் வெளிப்பாதைப் பிள்ளை உள்பாதைக்காரரை விட ஏறக்குறைய 50 மீற்றர் முன்னால் நிற்கிறது, வெடிச் சத்தம் அங்கே போய்ச் சேரவே ஒரு செக்கனில் ஏழில் ஒரு பங்கு ஆகும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒலிபெருக்கி வைப்பது இதற்காகத்தான். எங்களிடம் அது இல்லை, அதற்கு மேல் மேளமும் என்றால், முன்னால் நிற்கிற பிள்ளை எதைக் கேட்டு ஓடும்?

ஓடத் தொடங்கிய பிறகு கத்துங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் லட்சத்துக்கு மேற்பட்ட சனம் கத்த, அவுஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமன் 400 மீற்றரை 49.11 செக்கனில் வென்றார். 1500 மீற்றரின் கடைசிச் சுற்றில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் செத்த காலும் எழும்பும், இதை நான் எத்தனையோ பிள்ளைகளில் பார்த்திருக்கிறேன்.

உயரம் பாய்கிறவர்களுக்கு இன்னொரு பாடு. அவர்கள் ஓட நிற்கிற நேரம் பார்த்து அஞ்சல் ஓட்டம் முடியும், மைதானமே அலறும், பாய்ந்து முடிக்கத் தருகிற ஒரு நிமிடக் கணக்கோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் என்ன செய்தீர்கள் என்று பாய்ந்தவர்கள் யாராவது எழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.